நிற்காமல் ஜெயித்தவள்

“நீ நின்னியா?”

“இல்ல.”

“அப்ப உன்னை எதுத்து யாரு நின்னா?”

“யாருமே நிக்கல.”

“யாரும் நிக்காத தேர்தல்ல நீ எப்படிடி ஜெயிச்ச? தனியா ஓடி முதல்ல வந்தியா?”

“ஓடவும் இல்ல, சைமன் அப்பா. உக்காந்துதான் இருந்தேன். ஒவ்வொரு பேரா படிச்சாங்க. ஒண்ணு என் பேரு மாதிரி கேட்டுச்சு. பக்கத்துல இருந்தவ முழங்கையால இடிச்சா. என்னைத்தான் சொல்றாங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது.”

“ஜீப் குடுப்பாங்களா?”

“பஸ்ஸுக்குக் குடுப்பாங்க.”

“சம்பளம்?”

“கிடையாது.”

“அதிகாரமாவது இருக்கா?”

“ஒன்பது பேரும் ஒண்ணா உக்காந்தாத்தான் அது சபை. எழுந்து வெளிய வந்துட்டா நான் வெறும் அமுகேதான்.”

“நல்லதாப் போச்சு. வெறும் அமுகே, போய் அடாப் கிண்டு. பசிக்குது.”

வேலிக்கு இந்தப் பக்கம் பாறைமேல் மரவள்ளித் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அமுகேயின் புருஷன், அவள் ‘சைமன் அப்பா’ என்று கூப்பிடுகிற ஒகிரோர், கேட்டதில் தப்பில்லை. அவனுக்குத் தெரிந்த தேர்தல் வேறு. அதற்கு இரண்டு வருடம் முன்னால் கிராமத் தலைவர் பதவிக்கு அவன் நின்றான். எங்கள் பக்கத்தில் வேட்பாளர் ஒரு மரத்தடியில் நிற்பார், வேண்டியவர்கள் அவர் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். ஒகிரோர் வீட்டுக்கு வீடு உப்பும் சோப்பும் கொடுத்திருந்தான். அன்று காலை அவனுடைய உப்பைப் போட்ட குழம்பைத் தின்றுவிட்டு ஊரே எதிர்த்து நின்ற ஓஜிலோங்கின் பின்னால் போய் நின்றது. ஒகிரோருக்குப் பின்னால் அமுகே நின்றாள். அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். என் பின்னால் வெயில்தான் நின்றது.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான், எங்கள் பகுதிப் பஹாய் மதத்தவரின் பிரதிநிதியாகத் தேசிய மாநாட்டுக்குப் போன அமுகே, நாடு முழுவதற்குமான ஒன்பது பேர் சபையில் ஒருத்தியாகத் திரும்பி வந்திருந்தாள். ஒகிரோர் பஹாய் இல்லை. நானும் அமுகேயும் பஹாய். ஏரிக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற எனக்கு முதலில் அடாப் என்கிற கேழ்வரகுக் களியைக் கிண்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். நான் அதைக் கட்டி கட்டியாகக் கிண்டி வைத்ததை இன்னும் ஊரில் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் தேர்தலில் யாரும் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அடுத்தவர் பெயரையும் சொல்லக் கூடாது. பிரதிநிதிகள் மௌனமாகப் பிரார்த்தித்துவிட்டு, நாட்டில் உள்ள எல்லாப் பஹாய்களையும் மனதில் வைத்து, தகுதி என்று படுகிற ஒன்பது பேரைத் தனித்தனியே எழுதிப் போடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும்கூடக் கலந்து பேசக் கூடாது. இதை ஒகிரோருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும், “சரி, ஆனா உள்ளுக்குள்ள என்ன நடக்கும்?” என்று கண்ணடிப்பான்.

மாதம் ஒரு தடவை அமுகே தலைநகரத்துக்குப் போனாள். முதல் நாளே தட்டைப்பயறுக் கீரையை நிலக்கடலை விழுதோடு வேகவைத்துச் சட்டியை மூடிவைப்பாள். விடிந்ததும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து, பெரிய சாலையில் கால் கழுவிச் செருப்பைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்பாள். முதல் சில மாதங்கள் ஒகிரோர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மாலையில் எல்லாரும் கேழ்வரகுக் கள் பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழாயால் உறிஞ்சும்போது ஓஜிலோங் சும்மா இருக்க மாட்டான்.

“ஒகிரோர், ஊருக்கெல்லாம் உப்பு குடுத்து நீ தோத்த. ஒரு கல்லு உப்புகூடக் குடுக்காம உன் பெண்டாட்டி நாட்டையே ஜெயிச்சுட்டா. பேசாம அவகிட்ட வேலை கத்துக்கயேன்.”

“கத்துக்கறேன். முதல்ல நீ என் உப்பைத் திருப்பிக் குடு.”

“அது எப்பவோ வேர்வையாப் போயிடுச்சே.”

சிரிப்பு அடங்கியதும் ஒகிரோர் மெல்லச் சொல்வான்: “ஆனா அவ அங்க பேசினா எல்லாரும் வாயை மூடிக்கிட்டுக் கேப்பாங்களாம், தெரியுமா?” யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. அவனாகவே நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொண்டபின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதையும் விட்டுவிட்டான்.

அந்த நினைப்பு கேழ்வரகு அறுவடையின்போது உடைந்தது.

எங்கள் வட்டாரப் பெண்களுக்கென்று தேசிய சபை ஒரு வாரப் பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்திருந்தது. வெளியூரிலிருந்து மூன்று ஆசிரியைகள் வந்து இறங்கினார்கள். வகுப்புக்கு யாரும் போகவில்லை. கதிர் முற்றி, பறவைகள் வயலில் இறங்கிக்கொண்டிருந்தன. கத்தியைக் கீழே வைக்கிற நேரமா அது? ஆசிரியைகள் எங்கள் பஹாய் கூடத்தில் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்களைப் போலவே பஹாயான அச்சோம் பக்கத்து வயலிலிருந்தே கத்தினாள். “அமுகே அக்கா! அறுப்பு மாசத்துல வகுப்பு வைக்கறாங்களே, அவங்களுக்குத்தான் வயலே கிடையாது. நீ அங்கதான உக்காந்திருந்த? உன் கண்ணுக்கும் கேழ்வரகு தெரியலயா?”

அமுகே கதிரை அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். நான்கைந்து வரிசை தள்ளி அறுத்துக்கொண்டிருந்த ஒகிரோர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அன்று மத்தியானம் சாப்பிட மரத்தடியில் உட்கார்ந்தபோது அவன் கேட்டான். நானும் அங்கேதான் இருந்தேன்.

“அந்த மாசத்துல வேண்டாம்னு நீ சொன்னியா, இல்லியா?”

“இல்ல.”

“ஏன்?”

“அவங்க அதைத்தான் பேசறாங்கன்னு எனக்குத் தெரியாது.” அடாப்பைப் பிய்த்தவள் வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். “எல்லாம் இங்கிலீஷ்ல நடக்கும். பக்கத்துல ஒருத்தர் இருக்காரு, பாவம், நம்ம பேச்சு அவருக்குக் கொஞ்சம் வரும். பேசி முடிச்சப்புறம் ரெண்டு வரி சொல்வாரு. ‘பெண்களுக்கு வகுப்பு, நல்ல விஷயம்’னாரு. நல்ல விஷயம்தானேன்னு கையைத் தூக்கிட்டேன்.”

“இத்தனை மாசமா அங்க நீ என்னதான் பேசின?”

“எஸ்.”

“வேற?”

“தேங்க்யூ.”

ஒகிரோர் ஈயை விரட்டினான். கள்ளுப் பானையருகே தான் பேசிய பேச்செல்லாம் அவனுக்கு நினைவு வந்திருக்கும்.

“எனக்குப் புரியறபடி பேசுங்கன்னு கேக்க வேண்டியதுதான?”

“கேக்கணும்னுதான் ஒவ்வொரு தடவையும் போறேன். பஸ்ஸுல வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கறேன். அங்க போனா குரலே எழும்ப மாட்டேங்குது. எல்லாரும் அவ்வளவு நல்லவங்க, சைமன் அப்பா. நான் உள்ள வந்தா எழுந்து நாற்காலி இழுத்துப் போடறாங்க. குளிருதான்னு கேட்டு சன்னலைச் சாத்தறாங்க. திட்டறவங்களா இருந்தா முதல் நாளே கேட்டிருப்பேன்.”

“அடுத்த மாசம் கேளு.”

“கேக்கறேன்.”

அடுத்த மாதமும் கேட்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. திரும்பி வரும்போதெல்லாம் ஒகிரோர் பெரிய சாலையில் நின்றுகொண்டு, அவள் இறங்கியதும் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு பையை வாங்கிக்கொள்வான். ஒருநாள் என்னிடம் சொன்னான்: “டீச்சர், இவளுக்கு இன்னும் ஒரு வருஷம் வேணும். ஒரு வருஷம் கிடைச்சா வாயைத் திறந்துடுவா.” நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புல்லெல்லாம் காய்ந்து, குன்றில் தீ வைத்துக் கருகிய வாசனை ஊர் முழுக்க இருந்த வறண்ட மாதத்தில், அடுத்த மாநாட்டுக்கு எங்கள் பகுதிப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கக் கூடத்தில் கூடினோம். பிரதிநிதியாகப் போகாதவரையும் தேசிய சபைக்கு எழுதலாம் என்பது மட்டும் ஒகிரோரின் மண்டையில் ஏறியதே இல்லை. பெரியவர் இலுகோர்தான் கூட்டத் தலைவர். பிரார்த்தனை முடிந்து சீட்டுகளைக் கொடுக்க ஆரம்பித்தபோது அச்சோம் முன்னால் குனிந்து அமுகேயின் தோளைத் தட்டினாள்.

“அக்கா, உப்பு நல்ல உப்பு. கல்லே இல்ல.”

“என்ன உப்பு?”

“அண்ணன் குடுத்தாரே. உனக்குத் தெரியாதா? எங்க வரிசையில எல்லா வீட்டுக்கும் குடுத்தாரு. ‘இன்னொரு வருஷம் அவளை அனுப்பி வைங்க’ன்னாரு.”

அமுகே எழுந்து நின்றாள்.

“எங்க வீட்டு உப்பை வாங்கினவங்க யாரு? கையைத் தூக்குங்க.”

ஒரு கை மெல்ல எழுந்தது. பிறகு நாலைந்து. பிறகு பாதிக் கூடம்.

“வாங்கினவங்க யாரும் என் பேரை எழுதாதீங்க. வாங்காதவங்களும் எழுதாதீங்க!”

“அமுகே!” இலுகோர் மேஜையைத் தட்டினார். “உக்காரு.”

“பெரியவரே, என் வீட்டுக்காரர் பண்ணினது தப்பு.”

“தப்புதான். இப்ப நீ பண்ணினதும் அதே தப்பு. எழுதுன்னு சொன்னாலும் பேர் சொன்ன மாதிரிதான், எழுதாதேன்னு சொன்னாலும் பேர் சொன்ன மாதிரிதான். புருஷன் ஒரு பக்கம் இழுக்கறான், நீ மறுபக்கம் இழுக்கற. ஓட்டுப் போடறவன் கையை ரெண்டு பேரும் விடுங்களேன்!”

அவள் உட்கார்ந்தாள். சீட்டுகளை எழுதினோம், எண்ணினார்கள். அமுகே பெயர்தான் வந்தது. வழக்கமாகப் பெயர் படித்ததும் எல்லாரும் போய்க் கட்டிக்கொள்வோம். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த ஓட்டுகளில் எது மனதிலிருந்து வந்தது, எது குழம்புச் சட்டியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அவள் போட்ட சத்தம் கள்ளுப் பானை வரை கேட்டது.

“என் வாயைத் திறக்க உன் உப்பு வேணுமா?”

“நான் என்னடி திருடிட்டேனா? குடுத்தேன். உலகத்துல எல்லாத் தேர்தல்லயும் குடுக்கறாங்க.”

“உன் தேர்தல்ல நீ குடுத்தா அது உன் பாடு. இது என் தேர்தல். இதுல என்னை யாரும் கேக்காம, நானும் யாரையும் கேக்காம, எங்கயோ இருக்கறவங்க என்னை நினைச்சு எழுதினாங்களே, அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. பேச்சு புரியாம உக்காந்திருந்தேனே, அப்பல்லாம் அதை நினைச்சுத்தான் உக்காந்திருந்தேன். அதுல கொண்டுபோய் உப்பைக் கொட்டிட்டியே!”

ஒகிரோர் “நீ திறப்பேன்னுதான் பண்ணினேன்,” என்றான், கெஞ்சுகிற மாதிரி.

“தெரியும். அதனாலதான் இன்னும் சட்டியைத் தூக்கி எறியாம இருக்கேன்.”

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தேசிய சபைச் செயலரை வராந்தாவில் நிறுத்தி, எல்லாவற்றையும் என்னைச் சொல்லச் சொன்னாள். செயலர் மென்மையான மனிதர். கேட்டுவிட்டு, “சகோதரி, உங்க கணவர் பஹாய் இல்லை. உங்களுக்கும் தெரியாம நடந்திருக்கு. இதைப் பெரிசு பண்ணணுமா?” என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

“உப்பை வாங்கினவங்க பஹாய்தானே? அவங்ககிட்ட கேளுன்னு சொல்லு. எங்க ஊர் ஓட்டை ரத்துப் பண்ணுங்க. மறுபடி வைங்க. வைக்கற வரைக்கும் நான் இந்த வராந்தாவை விட்டு நகர மாட்டேன்.”

“அப்படியே சொல்லட்டுமா அக்கா?”

“இதைவிட மெதுவாச் சொன்னா உன்னை ஊருக்கு நடத்தியே கூட்டிட்டுப் போவேன்.”

அன்றே சபை கூடி அந்தத் தேர்தலை ரத்து செய்தது. முதல் மழை விழுந்து, மாடுகளைப் பூட்டி உழ ஆரம்பித்த வாரத்தில் மறுபடி கூடினோம். இந்தத் தடவை ஒகிரோர் அதற்கு முன்னாலேயே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, “உப்பு உப்புக்காகத்தான் குடுத்தது. வேற எதுக்கும் இல்ல,” என்று சொல்லிவிட்டு வந்தான். ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று அடுத்த வீட்டுக்குப் போனான். சீட்டுகளை எண்ணியபோது என் பெயர் வந்தது.

அமுகே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்பில் துளி வருத்தம்கூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்த மாநாடு வரை அவள் சபை உறுப்பினர். மாநாட்டுக்கு அவளும் வந்து பேசலாம். ஆனால் அங்கே புதிய ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்ததும் பழைய சபை முடிந்துபோகும். அடுத்த வருடம் அவள் இருப்பாளா என்று யாருக்கும் தெரியாது. அவள் கேட்க நினைத்ததைக் கேட்க இனி ஒரே ஒரு இடம்தான் மிச்சம்.

கிளம்புகிற காலையில் நிலக்கடலை வயலில் களை முழங்கால் உயரம் நின்றது. ஒகிரோர் அவள் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஓஜிலோங் சைக்கிளில் போகிறவன் நிறுத்தி, “கடலைக் களை பொம்பளை வேலையாச்சே ஒகிரோர், பாவாடை ஒண்ணு குடுக்கட்டுமா?” என்றான்.

“குடு. உன் அம்மாதா இருந்தா அகலமா இருக்கும்.” பிறகு அமுகேயின் பக்கம் திரும்பினான். “கேட்டுட்டு வா. இனிமே நான் யாருக்கும் உப்பும் குடுக்க மாட்டேன், புளியும் குடுக்க மாட்டேன். ஆனா நீ கேக்காம வந்தா பஸ் நிறுத்தத்துல வந்து நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“நிக்காட்டிப் போ. எனக்கு வழி தெரியும்,” என்றாள். ஆனால் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பேருந்தில் அவள் எதையும் சொல்லிப் பார்த்துக்கொள்ளவில்லை. தூங்கிக்கொண்டு வந்தாள்.

மாநாட்டு மண்டபத்தில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த பிரதிநிதிகள் நிறைந்திருந்தார்கள். முன்னால் நீள மேஜையில் ஒன்பது பேர். ஓரத்தில் அமுகே. பச்சைத் துணி கட்டியிருந்தாள். வருட அறிக்கையை ஆங்கிலத்தில் படித்தார்கள். எங்கள் வட்டாரத்தைப் பற்றி ஒரு வரி வந்தது. பெண்கள் வகுப்புக்கு வரவேற்பு எதிர்பார்த்த அளவு இல்லை என்றது அறிக்கை. நான் அமுகேயைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் அவள் காதில் இரண்டு வரி சொன்னார். அவள் தலையை ஆட்டவில்லை.

தலைவர், அறிக்கை பற்றி யார் வேண்டுமானாலும் மனம் திறந்து பேசலாம், அதற்குப் பிறகுதான் ஓட்டு என்றார். வழக்கமாகக் கொஞ்ச நேரம் யாரும் எழ மாட்டார்கள். அமுகே எழுந்தாள். தலைவர் முகம் மலர்ந்தது. அவள் பேசி யாருமே கேட்டதில்லையே. மொழிபெயர்க்க என்னைக் கை காட்டினார். நான் எழுந்தேன்.

“உக்காரு டீச்சர்.”

“அக்கா, நான் சொன்னாத்தானே அவங்களுக்கு...”

“உக்காருன்னா.”

உட்கார்ந்தேன். அவள் எங்கள் மொழியிலேயே பேச ஆரம்பித்தாள். எந்த மாதம் நிலம் உழுவது, எந்த மாதம் விதைப்பது, கேழ்வரகை அறுக்கிற மாதத்தில் பறவைகள் எந்தத் திசையிலிருந்து இறங்கும், அவற்றைத் துரத்த எங்கள் ஊர்ப் பெண்கள் எப்படிக் குரல் கொடுப்பார்கள் என்றெல்லாம் சொன்னாள். ஒரு தடவை குரல் கொடுத்தே காட்டினாள். மண்டபத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர்தான் சிரித்தோம். மற்றவர்கள் நாங்கள் சிரிப்பதைப் பார்த்து, எதற்கென்று தெரியாமல், மரியாதைக்குப் புன்னகைத்தார்கள். மேஜையில் இருந்த எட்டுப் பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். இன்னொருவர் பேனாவைத் திறந்து, எதை எழுதுவதென்று தெரியாமல் மூடினார். தலைவர் மறுபடி என்னைப் பார்த்தார். நான் அமுகேயைப் பார்த்தேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் டீச்சர். அப்படியே உக்காந்திருக்கட்டும். நான் ஒரு வருஷம் உக்காந்திருந்தேன்.”

நாற்காலிகள் அசைகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். அவள் யார் மேலும் கோபமாக இல்லை என்பதுதான் எல்லாரையும் இன்னும் சங்கடப்படுத்தியது.

“இப்ப எழுந்திரு,” என்றாள். “ஒண்ணு விடாம, ஒண்ணு சேக்காம சொல்லு.”

எழுந்தேன். அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

“இப்ப இந்த மண்டபத்துல எப்படி இருந்துச்சோ, அப்படித்தான் அந்த மேஜையில எனக்கு இருந்துச்சு.”

“நீங்க எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டீங்க. சன்னலைச் சாத்தினீங்க. அதுக்கு நன்றி சொல்லிச் சொல்லியே என் வருஷம் போயிடுச்சு.”

“எனக்கு விளங்காத ஒரு விஷயத்துக்கு நான் கை தூக்கினேன். அது அறுப்பு மாசம், அதனாலதான் எங்க ஊர்ப் பொம்பளைங்க வரல. அறிக்கையில அவங்க மேல பழி எழுதியிருக்கு. அதை அடிச்சுட்டு என் கையை எழுதுங்க. மத்த எட்டுப் பேரும் எனக்குப் புரிஞ்சுதான்னு நிறுத்திக் கேக்காததையும் எழுதுங்க.”

செயலர் பேனாவை எடுத்தார். உண்மையாகவே எழுதினார்.

“இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் ஒன்பது பேர் எழுதப் போறீங்க. யாரை எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன். யாரை எழுதக் கூடாதுன்னும் சொல்ல மாட்டேன். அதுக்காக ஏற்கெனவே எங்க ஊர்ல திட்டு வாங்கிட்டேன்.”

இதற்குச் சிரிப்பு வந்தது, இரண்டு தடவை: முதலில் எங்கள் பக்கம், நான் சொன்னதும் மற்றவர்கள் பக்கம். அவள் அது அடங்கும்வரை நின்றாள். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குரல் மட்டும் வயலுக்கு வயல் கூப்பிடுகிற குரலாக இருந்தது.

“அந்த நாற்காலியில நாளைக்கு நான் உக்காந்தாலும் சரி, என்னை மாதிரி வேற எவளோ உக்காந்தாலும் சரி, நான் கேக்கறது ஒண்ணுதான். பேசறதை எல்லாம் எங்க பேச்சுல முழுசாச் சொல்லுங்க. சொல்லி முடிச்சுட்டு எங்க மூஞ்சியைப் பாருங்க. நாங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. நேரம் ஆகும். ஆகட்டும். எங்களுக்குப் புரியற வரைக்கும் காத்திருங்க.”